அஞ்சுகத்தின் தார் பீப்பாய்

நெரவிக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்துத் திடலில் குடியிருந்தாள் அஞ்சுகம். அவள் புருஷன் இளையபெருமாள் காரைக்கால் அரிசி மில்லில் மூட்டை தூக்கினான். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். திடலில் இருந்த பதினைந்து இருபது செம்மறிகளுக்கு ராணி, வைத்தியர், சமையல்காரி எல்லாம் அஞ்சுகம்தான்.

செம்மறி என்றால் ஊரில் ஒரு இளப்பம் உண்டு. முன்னால் போகிறது பள்ளத்தில் விழுந்தால் பின்னால் வருவதும் விழும், அவ்வளவுதான் அதற்கு மூளை என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களை ஒரு மழைக்காலம் செம்மறிக்குத் தீனி போடச் சொல்ல வேண்டும். தான் மிதித்ததைச் செம்மறி தின்னாது. பக்கத்து ஆடு மிதித்ததை முகர்ந்துகூடப் பார்க்காது. பந்தியில் உட்கார்ந்த பிறகு இலை கிழிந்திருக்கிறது என்று எழுந்து போகிற சம்பந்தி வீட்டார் தோற்றார்கள் போங்கள்!

மற்ற மாதங்களில் கவலை இல்லை. அறுத்த வயலும் வாய்க்கால் கரையும் இருக்கின்றன, மேய்ந்துகொள்ளும். ஐப்பசி பிறந்து வயலெல்லாம் தண்ணீர் கட்டிக்கொண்டால்தான் கஷ்டம். பங்குனியில் உளுந்து அடித்து முடித்ததும் மிஞ்சுகிற கொடியை அஞ்சுகம் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போராகப் போட்டு வைப்பாள். மழை முடிகிற வரைக்கும் ஆடுகளுக்கு அதுதான் சாப்பாடு. கொட்டகை சினை ஆடுகளுக்கும் குட்டிகளுக்குமே காணாது. மற்றவை வெளியில் திடலில் நின்றுதான் தின்ன வேண்டும். கொடியைத் தரையில் போட்டால் கால் பங்கு வாய்க்குப் போகும், முக்கால் பங்கு காலுக்கடியில் சேறாகும். கார்த்திகைக்கு முன்பே போர் கரைந்துவிடும். அப்போது பார்த்துக் கறிக்கடைத் தரகர் கருப்பையன் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, “ஐயோ பாவம், வாயில்லாச் சீவன் பட்டினி கெடக்குதே, கொடுத்துடு தங்கச்சி” என்பார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

கருப்பையன் முகத்தில் விழிக்கக் கூடாது என்பதற்காகவே அஞ்சுகம் வருஷத்துக்கு ஒரு உபாயம் செய்தாள். எதற்கும் காசு செலவழிக்க மாட்டாள். முதல் வருஷம் கொடியைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் பூவரச மரக் கிளையில் தொங்க விட்டாள். கிடாக்கள் அதைத் தின்னவில்லை, முட்டி விளையாடின. ஒன்று முட்ட, கட்டு ஊஞ்சலாகப் போய் எதிரில் நிற்பதன் மண்டையில் இடிக்க, அது திருப்பி முட்ட, கடைசியில் கயிறு அறுந்து எல்லாம் சேற்றில் விழுந்தது. அடுத்த வருஷம் உடைந்த கயிற்றுக் கட்டிலைத் தலைகீழாகப் போட்டு, நான்கு காலுக்கும் நடுவில் கொடியைக் குவித்தாள். நல்ல யோசனைதான். ஆனால் குட்டிகள் உள்ளே ஏறி மெத்தென்று படுத்துத் தூங்கின. அம்மாக்காரிகள் சுற்றி நின்று கத்தின.

“அஞ்சுகம் ஆட்டுக்குக் கல்யாண மண்டபம் கட்டுறா” என்று தெருவில் சிரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த உபாயத்துக்குப் போய்விடுவாள்.

எழுபத்தெட்டாம் வருஷம்தான் விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை. அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் ஐப்பசியில் வந்தது. நெரவிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த கைருன்னிஸா, சித்திரையிலேயே திடலுக்கு வந்து ஒரு கிடாவைப் பார்த்து வைத்தாள். அவள் புருஷன் முத்து முகம்மது சவூதிக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அந்த வீட்டில் குர்பானி கொடுத்ததில்லை. பெருநாளுக்கு யார் வீட்டிலிருந்தாவது இறைச்சி வரும், வாங்கிக்கொள்வார்கள். இந்த வருஷம் தன் வாசலில் கொடுத்து, தன் கையால் பங்கு வைக்க வேண்டும் என்பது கைருன்னிஸாவின் ஆசை.

வெள்ளைத் துப்பட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு கிடாவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். கண்ணுக்கு எதிரே விரலை ஆட்டினாள். நான்கு காலையும் நடக்க விட்டுப் பார்த்தாள். தொங்குகிற காது இரண்டையும் விரித்துத் தடவினாள்.

“ஐபு ஒண்ணும் இருக்கக் கூடாது அஞ்சுகம். குருடு, நொண்டி, காதுல ஒரு துண்டு போனது, எதுவும் ஆவாது. அல்லாவுக்குக் குடுக்குறதுல பழுது இருக்கலாமா?”

“எங்க சாமிக்கு விடுற கிடாவுக்கும் அதே கணக்குத்தான் அக்கா. பழுதில்லாம ஒங்க வாசல்ல கொண்டாந்து நிறுத்துறது என் பொறுப்பு.”

அந்த வாய்ச்சொல்தான் அச்சாரம். அதற்குப் பிறகு வாரம் ஒரு தரம் கைருன்னிஸா பலா இலையோ வாழைப்பழத் தோலோ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு தரம் பல், கண், காது பார்த்துவிட்டுத்தான் போவாள். அஞ்சுகத்துக்கு முதலில் கோபம் வந்தது. நம்மை நம்பாமல் பார்க்கிறாளோ என்று நினைத்தாள். போகப் போக, இது நம்பாமை இல்லை, ஆசை என்று புரிந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்துப் பார்க்கிற ஆசை.

புரட்டாசி கடைசியில் காரைக்கால் ரோட்டுக்குத் தார் போட்டார்கள். வேலை முடிந்ததும் காலிப் பீப்பாய்கள் ரோட்டோரம் கிடந்தன. காவலுக்கு இருந்தவரைக் கேட்டு அஞ்சுகம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். இளையபெருமாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து உளியாலும் சுத்தியலாலும் அதன் வயிற்றைச் சுற்றி ஆடு தலை விடும் அளவுக்கு ஓட்டை போட்டான். பீப்பாயைத் திடலில் நட்டு, மேலே கொடியைத் திணித்து, ஓலையால் மூடினாள். மழை படாது, கால் படாது, ஆடு தலையை விட்டு உருவித் தின்னும். இதுவரை செய்ததில் இதுதான் உருப்படியான யோசனை.

தகரத்தின் விளிம்பு மட்டும் கத்தி மாதிரி இருந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தாள். வைக்கோலைத் தண்ணீர் தெளித்துப் பிரியாக முறுக்கி, ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் சுற்றிச் சுற்றித் திண்டு மாதிரி கட்டினாள். பெண்ணுக்கு வளைகாப்புப் போடுகிற மாதிரி அவ்வளவு அழகாகக் கட்டினாள்.

தீபாவளி வரை பீப்பாய் ஜாம்ஜாமென்று நடந்தது. போர் குறையவே இல்லை. கருப்பையன் குடையோடு வந்து பார்த்துவிட்டு, சீவன்கள் பட்டினி கிடக்காத துக்கத்தோடு திரும்பிப் போனார். தெருவில் கேலி செய்தவர்களே வந்து ஓட்டையின் அளவைச் சாணில் அளந்து போனார்கள். தீபாவளிக்கு மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. அஞ்சுகம் கோணிக் கொங்காணியைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து, மேலே கொடியைப் போட்டு மூடிவிட்டு ஓடிப் போனாள். ஓட்டைகளைக் குனிந்து பார்க்கவில்லை.

மழை விட்டதும் ஆடுகளைத் தடவிப் பார்த்தபோது கைருன்னிஸாவின் கிடாவுக்கு இடது காது ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கழுவிப் பார்த்தாள். வெற்றிலை கிள்ளின மாதிரி காது நுனியில் ஒரு துண்டு இல்லை. பீப்பாயிடம் ஓடினாள். ஓட்டை ஒன்றில்கூடப் பிரி இல்லை. தகரம் பளபளவென்று பல்லைக் காட்டியது. வைக்கோல் பிரி எங்கே என்று கேட்க வேண்டுமா? ஆட்டைக் காப்பாற்றுகிறேன் என்று ஆடு தின்கிற பொருளாலேயே கட்டி வைத்தால், அது பிரியைக் கும்பிட்டுக்கொண்டா நிற்கும்? தின்றுவிட்டது.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெருநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

இளையபெருமாள் வந்ததும் காதைத் தூக்கிப் பார்த்தான். “ஒரு சுண்டு விரல் நகம் அளவு. இதுக்கா அழுவுற? ரோமத்தை இழுத்து விட்டா தெரியாது. கடைசி நேரத்துல கொண்டு போயி நிறுத்திடுவோம். அவசரத்துல அந்தம்மா காதைப் புடிச்சிக்கிட்டா நிக்கப் போவுது?”

“அந்தம்மா பாக்காட்டி என்ன? நான் பாத்துட்டேனே.”

“நீ பாத்தா என்ன?”

“பாத்துட்டு எப்புடிங்க குடுக்குறது? சாமிக்குன்னு வாங்குறாங்க.”

இளையபெருமாள் காதை விட்டுவிட்டுக் கை கழுவப் போனான். மூட்டை தூக்குகிறவனுக்குத் தெரியும், சில பாரம் இன்னொருத்தர் முதுகுக்கு மாற்ற முடியாதது.

மறுநாள் அஞ்சுகம் கைருன்னிஸா வீட்டுக்குப் போனாள். அங்கே பெருநாளுக்கு வாசலில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். கைருன்னிஸா கையெல்லாம் சுண்ணாம்போடு சிரித்துக்கொண்டு வந்தாள்.

“வா அஞ்சுகம். எங்க மாப்புள்ள எப்புடி இருக்காரு?”

“அக்கா, கிடாவுக்குக் காது போச்சு.” வரும் வழியெல்லாம் பக்குவமாகச் சொல்ல யோசித்து வைத்தது எதுவும் வாயில் வரவில்லை. பீப்பாய், பிரி, தகரம் என்று தலைகீழாகச் சொல்லி முடித்தாள். “தப்பு என்னோடதுதான்.”

கைருன்னிஸா சுண்ணாம்புக் கையை ஒன்றோடொன்று தேய்த்துத் துடைத்தாள். திட்டியிருந்தால் அஞ்சுகத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

“இந்த மழையில இன்னொரு கிடாவுக்கு எங்க போவேன்? பெருநாளுக்குன்னு எல்லாரும் முன்னாடியே புடிச்சு வச்சிட்டாங்களே. சரி, விடு. எனக்கு இந்த வருஷம் அல்லா நாடல போல.”

அந்த ‘விடு’ தான் அஞ்சுகத்தைக் குத்தியது. திடலில் இன்னொரு கிடா இல்லாமல் இல்லை. ராமநாதபுரத்துக் கிடைக்காரர்கள் வயலில் ஆடு அடைக்க வந்தபோது, நடக்க மாட்டாத குட்டி என்று கழித்துவிட்டுப் போனதை, கஞ்சி ஊட்டி வளர்த்திருந்தாள். கிடைக்காரர்கள் தங்கள் தலைவனைக் கூப்பிடுகிற மாதிரி கீதாரி என்று பேர். இப்போது அதுதான் மந்தைக்குப் பொலிகிடா. திடலில் பிறந்த குட்டிகளில் பாதிக்கு அப்பன். அதை விற்பது என்ற எண்ணம் அவளுக்குக் கனவிலும் வந்ததில்லை. ஆனால் சொன்ன சொல் ஒன்று இருந்தது. பழுதில்லாமல் நிறுத்துவது என் பொறுப்பு என்று சொன்னது அவள் வாய்தான்.

“அக்கா, கீதாரியை அனுப்புறேன். பல்லு, கண்ணு, காது எல்லாம் சுத்தம்.”

“பொலிகிடாவையா? பைத்தியமா ஒனக்கு? அதை நம்பித்தானே ஒன் மந்தை இருக்கு!”

“இந்தக் காதறுந்தவன் இருக்கான்ல, அவன் பாத்துக்குவான். ஆட்டுக்குக் காதைப் பாத்தா பொண்ணு குடுக்குறாங்க?”

கைருன்னிஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அஞ்சுகம் அவள் எதிரில் அழவில்லை. திடலுக்குத் திரும்பி, கீதாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதை அழுதாள். பெருநாளுக்கு முதல் நாள் அதை வாய்க்காலில் குளிப்பாட்டி, தானே நடத்திக்கொண்டு போய்க் கைருன்னிஸா வாசலில் நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாள். மனசு கனத்தது. ஆனால் உறுத்தவில்லை. இரண்டும் வேறு வேறு என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

பெருநாள் அன்று எல்லா வீட்டுக்கும் இறைச்சிப் பங்கு போனது. அஞ்சுகம் வீட்டுக்கு வரவில்லை. வளர்த்தவளுக்கு இறங்காது என்று கைருன்னிஸாவுக்குத் தெரிந்திருந்தது. பதிலாக, இரண்டு நாள் கழித்து அவள் தம்பி நூகு சைக்கிளில் ஒரு மூட்டையோடு வந்தான். காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவன் அவன். மூட்டைக்குள் கழித்துப்போட்ட பழைய மீன்வலை இருந்தது.

“லாத்தா குடுக்கச் சொன்னிச்சு. இதுல தகரம் இல்ல, காதை அறுக்காதாம்.”

வலையை இரண்டு பூவரச மரத்துக்கு நடுவில், ஆட்டின் வாய் உயரத்துக்கு, தொட்டில் மாதிரி இழுத்துக் கட்டினார்கள். தலை நுழையாத சின்னக் கண் வலை. கொடியை உள்ளே போட்டால் ஆடு வெளியிலிருந்து இழை இழையாக உருவித்தான் தின்ன முடியும். கீழே சிந்துவது கொஞ்சம்தான். முதல் நாள் மட்டும் எல்லா ஆடும் கொடியை விட்டுவிட்டு வலையை நக்கின. கடல் உப்பு! கழற்றி வாய்க்காலில் நன்றாக அலசிக் கட்டிய பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தன. பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டுக் கோழிக்கூண்டாக்கினாள் அஞ்சுகம். அவள் எதையும் தூக்கி எறிகிறவள் இல்லை.

சித்திரையில் காதறுந்தவனின் குட்டிகள் பிறந்தன. பிறந்த ஈரத்தோடு ஒவ்வொன்றின் இடது காதையும் அஞ்சுகம் விரித்துப் பார்த்தாள். இளையபெருமாள் விழுந்து விழுந்து சிரித்தான். “தாரு பீப்பாயி ரத்தத்துலயா கலக்கும்?” என்றான். எல்லாக் காதும் முழுசாக இருந்தன. அந்த வருஷம் மழை பிடித்தும் கருப்பையன் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த பெருநாள் நெருங்கியபோது கைருன்னிஸா திடலுக்கு வந்தாள். அஞ்சுகம் மூன்று கிடாக்களைப் பிடித்து வரிசையாக நிறுத்தி, முதல் கிடாவின் வாயைத் திறந்து காட்டப் போனாள்.

“அதெல்லாம் எதுக்கு?” என்று கைருன்னிஸா வலைக்குப் பக்கத்தில் போய் நின்று, அதிலிருந்து கொடி உருவித் தின்கிற குட்டிகளை வேடிக்கை பார்த்தாள். “நீயே ஒண்ணு புடிச்சு அனுப்பு. நான் பாக்க வேணாம்.”

“ஐபு கிய்பு இருந்தா?”

“இருந்தா நீ சொல்லுவே.”

கொண்டுவந்த பலா இலையைப் போட்டுவிட்டு, துப்பட்டியைச் சொருகிக்கொண்டு அவள் போய்விட்டாள். அஞ்சுகம் கிடாவின் தாடையைப் பிடித்தபடி குந்தி உட்கார்ந்து மூன்றின் பல்லையும் கண்ணையும் காதையும் ஒரு தரம் பார்த்தாள். திருப்தி இல்லாமல் முதலிலிருந்து இன்னொரு தரம் பார்த்தாள். முன்பென்றால் வாங்குகிறவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடலாம். இனிமேல் அது முடியாது.