கரடி மேளத்தின் நடுவே ஜெசி அக்கா

குரல்வளையை எடுத்த பிறகு ஒருவர் இருமினால் சத்தம் வாயிலிருந்து வராது, கழுத்திலிருந்து வரும். ஜெசி அக்காவைப் பார்க்கப் போனபோதுதான் எனக்கு அது தெரிந்தது. கழுத்தில் ஸ்கார்ஃப் சுற்றி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பேச முடியாது என்பது ஞாபகம் வந்து, சிரித்து மழுப்பினார். நானும் வானிலையைப் பற்றிப் பேசி மழுப்பிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவர் கணவர் அருள் என் கடைக்கு வந்தார்.

அருள் கேட்டது

நான் குன்னூரில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் கேமராமேனாக இருந்தவன். கேமராமேன் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கேமரா, லைட், மிக்சர், மழைக்காலத்தில் மரம் விழுந்து அறுந்த கேபிளை ஏணி போட்டு ஒட்டுவது, எல்லாமே நான்தான். சேனலை மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போது ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்து, பழைய கல்யாண கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறேன்.

அருள் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வார்த்தை பேச ஒன்பது தரம் யோசிக்கிற மனுஷன். அன்று உட்காரக்கூட இல்லை.

"ஏனுங்க கணேசண்ணா, ஜெசி பேசின கேசட் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா ஒரு வழி சொல்லியிருக்கிறார். பழைய குரல் கொஞ்சம் தெளிவாகக் கிடைத்தால், அதை வைத்து போனிலேயே ஒரு குரல் தயார் செய்யலாமாம். ஜெசி அக்கா டைப் செய்தால் அது அவர் குரலிலேயே பேசும். கூடப் பாட்டோ வேறு சத்தமோ இருக்கக் கூடாது. இப்போது அவர் போனில் பேசுவது யாரோ ஒரு பெண். ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று அறிவிப்பாளே, அந்த மாதிரிக் குரல்.

"ஊட்ல எடுத்த வீடியோ இருக்குமே?" என்றேன்.

"எல்லாம் தொண்டை கட்டுன பொறவு எடுத்ததுங்க. அதுக்கு முன்னாடி இருக்கறது கல்யாண கேசட் ஒண்ணுதான். அதுல முழுக்க நீங்க பாட்டுப் போட்டு வெச்சிருக்கறீங்க. சர்ச்சுல சம்மதம்னு சொல்ற எடத்துலகூட சினிமாப் பாட்டுதான் ஓடுது."

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். பாட்டு இல்லாத கல்யாண கேசட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க. ஒரே ஒரு தடவை 'ஏங்க'ன்னு அவ குரல்ல கூப்புட்டாப் போதும்."

சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றார். தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

டிசம்பர் பெட்டிகள்

ஜெசி அக்கா சினிமா நடிகை மாதிரி அழகில்லை. ஆனால் குன்னூர் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனால் திரும்பி வர அரை நாள் ஆகும். வழியெல்லாம் குழந்தைகள் பிடித்துக்கொள்ளும். எங்கள் சேனலில் வாரத்தில் ஒரு நாள் குழந்தைகளோடு போனில் பேசும் நிகழ்ச்சி அவருடையது. டிசம்பர் பிறந்தால் தினமும் சாயங்காலம் லைவ்.

அவருக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளைக் கலர் காகிதம் சுற்றி அடுக்கி வைப்போம். போனில் வரும் குழந்தை ஒரு கலரைச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் பொம்மை இருக்கும். குன்னூர் பெட்ஃபோர்ட் பகுதியில் ஒரு கடைக்காரர் விளம்பரத்துக்காகக் கொடுத்தவை. பின்னால் இழுத்து விட்டால் ஓடும் கார், பிளாஸ்டிக் கிச்சன் செட், வளைந்து நெளியும் ரப்பர் பாம்பு, சாவி கொடுத்தால் மேளம் தட்டும் கரடி. கிறிஸ்துமஸ் என்று பேர்தானே தவிர, போன் செய்ததில் பாதிப் பேர் மாரியம்மன் கோயில் தெருக் குழந்தைகள்.

பெட்டியை அப்படியே கொடுத்து அனுப்ப மாட்டார் ஜெசி அக்கா. பிரித்து, கேமரா முன்னால் வைத்து, தானே ஒரு முறை விளையாடிக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். நேரம் வீணாகிறதே என்று ஓனர் கடிந்துகொண்டபோது, "கெடைக்காத புள்ளைங்களும் ஒரு தடவை பாத்துக்கட்டும் சார்" என்றார்.

பல்பு எரிந்த பீரோ

இளையவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லைவ் நிகழ்ச்சியை நாங்கள் ரெக்கார்ட் செய்ததே இல்லை. கேமராவிலிருந்து மிக்சருக்கு, மிக்சரிலிருந்து கேபிளுக்கு, அத்தோடு போச்சு. மற்ற நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தாலும், அடுத்த வாரம் அதே கேசட்டில் அடுத்த நிகழ்ச்சியை ஏற்றுவோம். கேசட் தேய்ந்து படத்தில் கோடு விழுகிற வரைக்கும் அதுதான் வழக்கம். எல்லா லோக்கல் சேனலிலும் அப்படித்தான்.

பத்திரமாக வைத்தது விளம்பரக் கேசட்டுகளை மட்டும்தான். மலையில் ஈரக் காற்று. சும்மா வைத்தால் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அதனால் விளம்பரக் கேசட்டுகளுக்கென்று ஒரு பீரோ வாங்கி, உள்ளே எந்நேரமும் ஒரு பல்பை எரியவிட்டு, குழந்தையைப் போலக் காப்பாற்றினோம்.

சேனலை மூடியபோது அந்தப் பீரோ என் வீட்டுக்கு வந்தது. அருள் கேட்ட அன்றே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஜவுளிக்கடை, மசாலாப் பொடி, பைல்ஸ் வைத்தியர், எல்லாம் நேற்று எடுத்த மாதிரிப் பளிச்சென்று இருந்தன. பேசுவது முழுக்கக் கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு கட்டைக் குரல் ஆண். ஜெசி அக்கா ஒரு விளம்பரத்தில்கூட இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பைல்ஸ் வைத்தியருக்குப் பல்பு எரித்திருக்கிறோமே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

பொம்மைகள் வந்தன

பழைய கேபிள் ஆபரேட்டர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் விஷயத்தைப் போட்டேன். தங்கள் பிள்ளை பேசுகிற நாளில் வீட்டு வீடியோ டெக்கில் யாராவது பதிவு செய்திருக்கலாம் என்பது என் நம்பிக்கை.

கேசட் வரவில்லை. பொம்மைகள் வந்தன.

அரவேணுவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெண், சக்கரம் போன காரைக் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தேவர்சோலையிலிருந்து ஒருவர், கிச்சன் செட்டில் மிச்சமிருந்த ஒரே ஒரு குக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பேங்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி ரப்பர் பாம்போடு வந்தான். வந்தவர்களெல்லாம் ஜெசி அக்கா தங்களிடம் என்ன சொன்னார் என்பதை அவர் மாதிரியே பேசிக் காட்டினார்கள்.

"'டிவி சத்தத்தைக் கொறைச்சுட்டு வா தங்கம், உன்னைவிட உன் டிவிதான் நெறையப் பேசுது'ன்னாங்க" என்று அரவேணுப் பெண் இழுத்துச் சொன்னபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அப்படியே அதே ராகம்.

எல்லாருக்கும் அவர் குரல் மனப்பாடம். யாரிடமும் அது இல்லை. அருள் தினமும் கடை வழியாகப் போவார். நான் தலையாட்டுவேன், அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். சில நாள் அவர் வருவதைப் பார்த்ததும் கடைக்குள் குனிந்துகொண்டேன்.

கீழ் கோத்தகிரி கேசட்

கடைசியில் கீழ் கோத்தகிரியிலிருந்து செல்வராஜ் வந்தார். எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டர். தன் மகள் சுகந்தி சின்ன வயதில் ஜெசி அக்காவோடு பேசியதை, எஸ்டேட் லைன் வீடுகளில் ஒன்றில் டெக் இரவல் வாங்கிப் பதிவு செய்திருந்தார். சுகந்தி இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள்.

கேசட் முழுக்க வெள்ளைப் பூஞ்சை.

"சுத்தம் பண்றப்ப டேப் அறுந்து போகலாமுங்க. உங்க பொண்ணு பேசினதும் போயிரும்" என்றேன்.

அவர் கேசட்டை என் பக்கம் நகர்த்தினார். "பண்ணுங்க. அந்தம்மா பேசணும்ல" என்றார்.

ஸ்குரூவைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய துணியால் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, கையாலேயே சுற்றினேன். அருளை வரச் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

படம் வந்தது. சிவப்புச் சேலையில் ஜெசி அக்கா. மேஜை மேல் கரடி மேளம் தட்டிக்கொண்டிருக்கிறது. சுகந்தி போனில் வந்ததும்தான் செல்வராஜ் பட்டனை அமுக்கியிருக்கிறார். லைனில் கிடைத்த பிள்ளையோ பயத்தில் பேசவே இல்லை. ஜெசி அக்கா காத்திருக்கிறார். கரடிக்கு மறுபடி சாவி கொடுக்கிறார். அப்போது மிக்சர் பக்கத்திலிருந்து ஓனர், "போன் காலைக் கட் பண்ணச் சொல்லுய்யா" என்று என்னை விரட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. நான் சைகை காட்டியிருக்கிறேன். ஜெசி அக்கா கேமராவுக்குப் பின்னால் நிற்கும் என்னைப் பார்த்து, முடியாது என்று தலையசைக்கிறார்.

பிறகு சுகந்தி பேச ஆரம்பிக்கிறாள். போன வருஷப் பொம்மையை நாய் கடித்தது, அப்பா அந்த நாயைத் துரத்தி ஓடையில் விழுந்தது, எல்லாக் கதையும் சொல்கிறாள். எந்தப் பெட்டியும் வேண்டாமாம், அந்தக் கரடி இன்னொரு தடவை மேளம் தட்டினால் போதுமாம். ஜெசி அக்கா ஒரு முறைகூடக் குறுக்கே பேசவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கரடி தட்டி முடித்து நின்ற ஒரே ஒரு இடத்தில் மட்டும், பிள்ளை தயங்கியபோது, "சொல்லு கண்ணு" என்கிறார். மற்றதெல்லாம் "ம்", அதுவும் மேளச் சத்தத்துக்கு அடியில். போனை வைத்ததும் பதிவும் நின்றுவிட்டது.

செல்வராஜ் அழுதுகொண்டே சிரித்தார். மகளுக்கு அங்கிருந்தே போன் போட்டார். அருள் திரையில் வெறும் கோடு ஓடுவதையே பார்த்திருந்தார்.

"அவ்வளவுதானுங்களா?"

அவ்வளவுதான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

போனில் ஒரு பட்டன்

இதை வைத்துக் குரல் தயார் செய்ய முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கிடைத்த இரண்டு வார்த்தையை மட்டும் வெட்டி, போனில் தனியாக ஒரு பட்டனில் வைத்துக் கொடுத்தார். மற்றதை ரயில்வே ஸ்டேஷன்காரிதான் பேசுகிறாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். விளம்பரம் எப்படியும் திரும்பி வரும், அதைக் கொடுத்தவனே வைத்திருப்பான். உங்கள் பக்கத்தில் நின்று தினமும் பேசுகிற ஆளைப் பதிவு செய்து, பெயர் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கல்யாண வீடியோவில் பாட்டைக் குறையுங்கள். நான் இப்போது யார் கேட்டாலும் பாட்டுப் போடாத காப்பி ஒன்றையும் சேர்த்தே கொடுக்கிறேன். ஒருத்தரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

போன கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அருள் கேக் வெட்டிக் கொடுத்தார். பேச்சு எங்கெங்கோ போய் நின்றுவிட்டது. ஜெசி அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், போனை எடுத்துப் பட்டனை அமுக்கினார்.

"சொல்லு கண்ணு."

தெளிவான, கொஞ்சம்கூட வயசாகாத குரல். அருள் கத்தியைத் தட்டில் வைத்தார்.

"என்னை அவ ஒரு நாளும் அப்படிக் கூப்புட்டது இல்லீங்க" என்றார் என்னிடம்.

ஜெசி அக்கா மறுபடியும் அமுக்கினார். அந்த மனுஷன் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து, காலையில் மார்க்கெட்டில் கேரட் என்ன விலை விற்றது என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.