அத்தை கொடுத்த மாத்திரை

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதானபோது, அம்மாவை நான்தான் சாகடிக்கப் பார்த்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கணபதி என்ற ஊரில் குடியிருந்தோம். அம்மாவுக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால், மூச்சு மருந்து அடைத்த பம்பை வாயில் வைத்து அழுத்துவாள். ஐந்து நிமிடத்தில் மூச்சு சீராகும். கூடவே நெஞ்சு படபடக்கும். ஒருநாள் யாரும் பார்க்காதபோது நான் அந்தப் பம்பைச் சன்னலுக்கு வெளியே நான்கு முறை அடித்துப் பார்த்தேன். புகை அழகாக வந்தது.

அந்த வாரம் அப்பாவின் அக்கா வந்தார். எங்கள் சொந்தத்தில் விருந்தாளிகள் பழத்தோடு மாத்திரையும் கொண்டுவருவார்கள்.

"படபடங்குதா? எனக்கும் இப்படித்தான் அம்மணி. இதப் போடு, கம்முனு ஆயிப்போகும்."

"டாக்டர்ட்டக் கேட்டுப்போட்டுப் போடறனுங்க."

"ஏன், நாங் குடுத்தா தொண்டைல எறங்காதா?"

நாத்தனார் பேச்சைத் தட்ட முடியுமா? அம்மா போட்டுக்கொண்டாள். படபடப்பு நின்றது. தினமும் ஒன்று போடச் சொல்லி மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு, அத்தை வெற்றியோடு ஊருக்குப் போனார்.

மூன்றாம் நாள் மதியம் இழுப்பு வந்தது. அம்மா பம்பை அழுத்தினாள், மறுபடியும் அழுத்தினாள். பயனில்லை. உதடு நீலம் பாய்ந்தது. மருந்தை நான் தீர்த்துவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டார் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்புடறீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க."

டாக்டர் எழுதித் தராதது அம்மாவின் கணக்கில் மாத்திரையே அல்ல. அத்தையின் மாத்திரையைப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் பம்ப் விஷயமும் வந்துவிடுமே என்று பேசாமல் நின்றேன்.

பிறகு நானே மருந்தாளுநராகி, விருப்ப ஓய்வும் வாங்கிவிட்டேன். டாக்டர் கேட்ட அந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்காமல் யாருக்கும் ஒரு மாத்திரை கொடுத்ததில்லை. மூச்சுக்குழலில் மருந்து போய் உட்காரும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். பம்ப் மருந்து அங்கே உட்கார்ந்தால் குழல் விரியும். படபடப்பை அடக்கிய அத்தையின் மாத்திரை, அதே இடத்தில், டவுன் பஸ்ஸில் துண்டு போடுகிறவரைப் போல. தானும் ஒன்றும் செய்யாது, வருகிறவரையும் உட்காரவிடாது. பம்பில் மருந்து நிறையவே இருந்தது.

அன்றைக்கு ஊசியும் ஆக்சிஜனும் அம்மாவைக் காப்பாற்றின. அத்தையின் அட்டையும் தீர்ந்துபோனது. அம்மா தேறினாள். அந்த நாட்களில் பயத்தில் நான் அவள் பக்கமே போகவில்லை; அப்படி விலகி இருந்ததால்தான் தேறினாள் என்று முடிவு செய்தேன்.

"ஏங்கண்ணு, பக்கத்துல வா" என்று சாயங்காலங்களில் கூப்பிடுவாள். நான் கதவோரமே நிற்பேன். கொஞ்ச நாளில் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். தன் இழுப்புச் சத்தம் மகளுக்கு அருவருப்பு என்று அவள் நினைத்துக்கொண்டது எனக்கு அப்போது தெரியாது.