செல்வம் போட்ட கையெழுத்து

ரயில் நான் குடியிருக்கும் பொங்கோலில்தான் புறப்படுகிறது. ஞாயிறு மதியம் பெட்டி பாதிக்கு மேல் காலி. என் பக்கத்து இருக்கையும் காலி. அரைநாள் வேலை முடித்து லிட்டில் இந்தியாவுக்குப் போகும் நம் ஊர்த் தொழிலாளர்கள் அதில் உட்காரமாட்டார்கள், கதவோரம் நின்றே வருவார்கள். வந்த புதிதில் இதைக் கண்டுபிடித்து ஆய்வுக் குறிப்பேட்டில் பெருமையாக எழுதிவைத்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழரான என் பேராசிரியை, ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உட்கார்ந்திருந்தேன். அதை எழுத மறந்திருந்தேன்.

என் துறையில் இதுதான் இப்போதைய வழக்கம். பிறரை ஆராயப் போகிறவர் முதலில் தன்னை ஆராய வேண்டும். நான் யார், எங்கிருந்து பார்க்கிறேன், என்னால் எது கோணலாகத் தெரிகிறது என்று நாள்தோறும் எழுத வேண்டும். மன்னார்குடியில் இதற்குக் குறிப்பேடு தேவைப்படவில்லை. கல்லூரி நாளில் கணக்கெடுப்புப் படிவத்தோடு ஒரு தெருவுக்குப் போனேன். நான் முதல் கேள்வி கேட்பதற்குள், குழாயடியில் நின்ற பெண்கள் யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு, கல்யாணம் ஆகிவிட்டதா, இந்தத் தாளால் உனக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்து முடித்துவிட்டார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. அதனால் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். அதற்கு உதவித்தொகையும் தருகிறார்கள்.

செல்வம் பட்டுக்கோட்டைக்காரர், கட்டுமானத் தொழிலாளி. ஃபேரர் பார்க் புல்வெளியில் ஒப்புதல் படிவத்தை நீட்டியதும், நான் வாயைத் திறக்குமுன் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு விளக்கினேன். வரிக்கு வரி "புரிஞ்சுது மேடம்" என்றார். அக்கா என்று கூப்பிடச் சொன்னேன். அதற்கும் சரிங்க மேடம் என்றார். வேலைத்தளத்தில் தினமும் காலையில் பாதுகாப்பு விதிகளை வாசிப்பார்களாம். எல்லோரும் புரிந்தது என்று சொல்லிக் கையெழுத்திட்டால்தான் வேலை தொடங்குமாம். என் படிவமும் அவருக்கு இன்னொரு காலைதான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அன்று பேச்சுவாக்கில், வலது கையில் இரண்டு விரல்கள் வேலையில் நசுங்கி வளைந்ததையும், வேலை போய்விடுமோ என்று, அறைக் கதவில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி மறைத்ததையும் சொன்னார். என் ஆய்வின் முக்கிய அத்தியாயமே அந்த விரல்களின் மேல்தான் நின்றது. அன்றைய குறிப்பில் என்னை நானே 'உள்ளாள்', அவர்களில் ஒருத்தி, என்று எழுதிக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து அவரே அழைத்தார். வேலை பர்மிட் புதுப்பிக்கும் நேரம், அந்தத் தாள் கம்பெனிக்குப் போகுமா என்று கேட்டார். போகாது, பெயரையும் மாற்றிவிட்டேன் என்று தைரியம் சொன்னேன்.

"பேர மாத்திட்டீங்க, சரி மேடம். வெரல என்ன பண்ணுவீங்க? எங்க சைட்டுல இப்படி வெரல் உள்ளவன் நான் ஒருத்தன்தான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் பேச்சின் பதிவை அழித்தேன். அத்தியாயம் போயிற்று, ஒரு வருட உழைப்பும் போயிற்று. பேராசிரியையிடம் போய் நின்றேன். இந்த ஊர் 'லா' போட்டுத்தான் பேசுவார்.

"அவரு வேணாம்னா வேணாந்தான் லா. ஆனா உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. அதுவும் டேட்டாதான்."

எழுதினேன். என் வெட்கம், என் குளிரூட்டிய அறை, என் பக்கத்து இருக்கை என்று பன்னிரண்டு பக்கம். செல்வத்தின் விரல் ஒரு வரியில்கூட இல்லை. பழைய அத்தியாயத்தைவிட இதுதான் நேர்மையானது என்று துறையில் பாராட்டினார்கள். நசுங்கியது அவர் விரல், பாராட்டு எனக்கு.

போன ஞாயிறு அவர் என் பெட்டியிலேயே ஏறினார். இந்த முறை நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன். பையிலேயே வைத்திருந்த, அவர் கையெழுத்திட்ட படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அவரோ வளைந்த விரல்களில் அதைப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். ஹவ்காங் நிலையம் போயிற்று, செராங்கூன் போயிற்று. எங்கள் எதிரே இரண்டு இருக்கைகள் காலியாகவே வந்தன. கடைசி வரியில் என் பெயரும் முகவரியும் இருந்தன.

"நீங்க எந்த ஊரு மேடம்?"

இத்தனை மாதத்தில் என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. மன்னார்குடி என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

அவர் மறுபடியும் தாளைப் பார்த்தார். "இதுல பொங்கோல்னுல்ல போட்டிருக்கீங்க."

ஃபேரர் பார்க் தாண்டிவிட்டது. அடுத்தது லிட்டில் இந்தியா என்று தமிழிலும் அறிவித்தார்கள். இந்த முறை அவர் புரிந்தது என்று தலையாட்டவில்லை. தாளை மடிக்காமல், என் பதிலுக்காகக் காத்திருந்தார்.