சிக்னல் கிடைச்சுதா அக்கா?

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை விடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பவர் பார்த்து, லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பேன். இல்லாததைப் பார்க்கிறவர்கள், இருப்பதைப் பார்க்காதவர்கள் என்று தினமும் எத்தனையோ பேர் என் எதிரே உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். கண் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன். அன்றைக்கு என் கண் என்னை ஏமாற்றவில்லை.

நான் ஓட ஆரம்பித்ததே நாற்பது வயதில்தான். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் பயமுறுத்த, நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமானது. ஓட்டம் பைத்தியமானது. "யாரும் துரத்தாமலே ஓடுற ஒரே ஜென்மம் நீதான்" என்பார் என் வீட்டுக்காரர். கிண்டல் ஒரு பக்கம் இருந்தாலும், ஓடுகிறவர்கள் கட்டுகிற ஜிபிஎஸ் வாட்சை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்த வாட்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓடக் கிளம்புவதற்கு முன் அது சிக்னல் பிடிக்க வேண்டும். அதுவரை எங்கள் ஓட்டக் குழுவில் யாரும் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டோம். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நிற்போம். "டிங்" என்று சத்தம் வந்தால்தான் முதல் அடி. வாட்சில் ஏறாத ஓட்டம் ஓடாத ஓட்டம். எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் பேச்சு.

பெரிய போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பது கிலோமீட்டர் ஓட வேண்டும். கோச் மற்றவர்களை எல்லாம் வேறு பாதைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கடை திறக்க வேண்டியிருந்தது. அதனால் வீட்டிலிருந்தே தனியாகக் கிளம்பினேன். துணைக்கு நாத்தனார் சைக்கிளில் வந்தாள். என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. வாய் ஓயாதவள். அவள் கூட இருந்தால் பத்து கிலோமீட்டர் போனதே தெரியாது.

பதினான்காவது கிலோமீட்டரில் நீர்த்தேக்கக் கரை வரும். நேரான தார்ச்சாலை. இடது பக்கம் தண்ணீர். வலது பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி. இரண்டு முனையிலும் இரும்பு கேட். நடுவில் ஒரே ஒரு பம்ப் ஹவுஸ். பச்சைக் கதவு, பெரிய பூட்டு. வேறு ஒன்றும் கிடையாது. வழி தவறிப்போக அங்கே இரண்டாவது வழியே இல்லை.

அன்றைக்கு அங்கே பனி. கரை முழுக்க வெள்ளையாக இருந்தது.

"அண்ணி, பனியில ஓட்ட எனக்கு பயமா இருக்கு. நான் வெளி ரோட்டுல சுத்திக்கிட்டு அந்தக் கேட்டுக்கு வந்துடறேன்."

"சரி. என் தண்ணி பாட்டிலைக் காலி பண்ணிடாதே."

"உங்க போன் என் கூடையிலேயே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். கையில வாட்ச் இருக்கே."

காலை ஆறு பத்து. கேட்டைத் தாண்டினேன். அரை மணி நேரத்தில் மறு முனை வந்துவிடும்.

கொஞ்ச தூரத்திலேயே வாட்ச் கையில் அதிர்ந்தது. "சிக்னல் இல்லை. தேடுகிறது." இது புதிதில்லை. பாலத்துக்கு அடியில் போனால், உயரமான கட்டிடங்களுக்கு நடுவே போனால் இப்படி ஆகும். ஆனால் இங்கே தலைக்கு மேல் வானம் மட்டும்தான். பனிக்காக இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பனிக்கு அப்படி ஆகாது என்றும் எனக்குத் தெரியும்.

பம்ப் ஹவுஸ் வந்தது. அதற்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

முப்பத்தைந்து வயது இருக்கும். கருஞ்சிவப்பு பனியன், கால்சட்டை, ஓடுகிற ஷூ. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். வாட்ச் பழைய மாடல். சதுரமானது. நம்ம ஜாதி என்று நினைத்துச் சிரித்தேன்.

"அக்கா, உங்களுக்கு சிக்னல் கிடைச்சுதா?"

"இல்லீங்க. எனக்கும் போயிடுச்சு."

"அப்படியா" என்றார். கையை இறக்கவில்லை.

நான் நிற்காமல் ஓடினேன்.

ஐந்து நிமிடம் இருக்கும். பனிக்குள் ஒரு கட்டிடம் தெரிந்தது. கேட் பக்கத்தில் இருக்கும் காவல் அறை என்று நினைத்தேன். கிட்டே போனேன். பச்சைக் கதவு. பெரிய பூட்டு.

கருஞ்சிவப்பு பனியன்.

"அக்கா, உங்களுக்கு சிக்னல் கிடைச்சுதா?"

அதே குரல். முதல் தடவை பார்க்கிறவரைப் போல அதே பார்வை. வேகத்தைக் கூட்டினேன். இரண்டு பம்ப் ஹவுஸ் இருந்திருக்கும். இது அவருடைய அண்ணனோ தம்பியோ. மனசு என்னென்னவோ சொல்லிப் பார்த்தது.

மூன்றாவது தடவையும் பச்சைக் கதவு வந்தது. மனசு வாயை மூடிக்கொண்டது.

நின்றேன். சட்டென்று திரும்பினேன். வந்த வழியே ஓடினேன். உள்ளே நுழைந்த கேட்டுக்கே போய்விடலாம். போட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

ஓடும்போதுதான் அதைக் கவனித்தேன்.

திரும்பி ஓடினால் தண்ணீர் வலது பக்கம் வர வேண்டும்...

தண்ணீர் இடது பக்கமே இருந்தது.

அந்த நேரத்தில் வாட்ச் மறுபடி அதிர்ந்தது. ரொம்ப நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அது ஒரு செய்தி காட்டும். அதைத்தான் காட்டியது.

"வெகு நேரமாக அசையாமல் இருக்கிறீர்கள். சற்று நடக்கலாமே."

எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கால் வலித்தது. நான் ஓடிக்கொண்டிருந்தேன்!

எதிரே பச்சைக் கதவு.

"அக்கா..."

"யாருங்க நீங்க? எவ்வளவு நேரமா இங்க நிக்கிறீங்க?"

அவர் வாட்சைப் பார்த்தார். "சிக்னல் வந்தாத்தானே நேரம் தெரியும்."

"வாட்ச் கிடக்குது. சும்மா போங்களேன்!"

"போனேனே அக்கா. எந்தப் பக்கம் போனாலும் இங்கதான் வருது."

அவர் மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. வரிசையில் ரொம்ப நேரம் நின்று களைத்துப்போனவரின் குரல்.

வேலியில் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் படித்தபோதுகூட நான் சுவர் ஏறிக் குதித்ததில்லை. கம்பியில் காலை விட்டு, கையை மாற்றி மாற்றிப் பிடித்து, எப்படியோ ஏறிவிட்டேன். உச்சியில் இருந்த கம்பி முனை வலது உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் குதித்தேன்.

மண்ணில்தான் விழ வேண்டும். அந்தப் பக்கம் புதர்.

காலுக்கு அடியில் தார்...

இடது பக்கம் தண்ணீர்.

பச்சைக் கதவு.

நான் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டேன். நாத்தனாரின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வீட்டுக்காரரின் பெயரைக்கூடச் சொல்லிக் கத்தினேன். குரல் எங்கேயும் போகவில்லை. போர்வைக்குள் முகத்தை வைத்துக் கத்துகிற மாதிரி இருந்தது.

காலடிச் சத்தம். சர்... சர்...

அவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"உங்க வாட்ச் புதுசு. ஒரு நிமிஷம் குடுங்க. எனக்குக் கிடைச்சா நான் முன்னால ஓடறேன். நீங்க பின்னாலேயே வந்துடுங்க."

கையை நீட்டினார். அப்போதுதான் அந்த மணிக்கட்டைக் கிட்டத்தில் பார்த்தேன். வாட்சின் பட்டை வெளியே தெரியவில்லை. அதன் மேல் தோல் வளர்ந்து மூடியிருந்தது.

வேண்டாம் என்று ஒரு மனசு அலறியது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். வாட்சைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் விரல் என் மேல் பட்டது. சில்லென்று இல்லை. சூடாகவும் இல்லை. ஒன்றுமே படாத மாதிரி இருந்தது.

அவர் அதை வலது கையில் கட்டினார். கையைத் தூக்கினார்.

டிங்.

"கிடைச்சிருச்சு..." என்றார். முகம் அழுகிற மாதிரி கோணியது. "கிடைச்சிருச்சு அக்கா! வாங்க!"

ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். கருஞ்சிவப்பு பனியன் பனியில் மறைந்தது. நான் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

டக். டக். டக். டக்.

இரண்டு பேர் ஓடுகிறோம்...

ஒருவருடைய காலடிதான் கேட்டது.

பார்க்க வேண்டாம். நிற்க வேண்டாம். ஓடு... ஓடு...

இரும்பு கேட் என் நெஞ்சில் மோதியது.

சுள்ளென்று வெயில். கேட்டுக்கு வெளியே நாத்தனார், பக்கத்தில் நீர்த்தேக்கக் காவலாளி. அவள் என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். கருஞ்சிவப்பு பனியன்காரரைக் காணோம். முன்னால் ஓடியவர் கேட்டைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்? யாரும் தாண்டவில்லை என்றார் காவலாளி.

"மணி ஒன்பதரை ஆகுது அண்ணி! எங்க போய்த் தொலைஞ்சீங்க? நானும் இவரும் கரை முழுக்க ரெண்டு தடவை தேடிட்டோம். ஈ காக்கா இல்ல."

"பனியில தெரிஞ்சிருக்காது..."

"என்ன பனி? அது ஏழு மணிக்கே போயிடுச்சே!"

கை எரியவில்லையே என்று உள்ளங்கையைப் பார்த்தேன். ரத்தம் இல்லை. கீறல்கூட இல்லை.

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். பெரிய போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்ததை மறந்தேன். வீட்டுக்காரர் எதையும் கேட்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு வேறு ஒரு வாட்சும் வாங்கி வந்தார். மொட்டை மாடிக்குப் போய்க் கட்டிப் பார்த்தேன். "தேடுகிறது... தேடுகிறது..." அவர் கையில் கட்டினால் உடனே டிங். என் கையில் கட்டினால் தேடுகிறது. கடைக்காரன் மூன்று வாட்சை மாற்றிக் கட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கை ராசி அப்படி மேடம்" என்று சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கோச் பார்க்க வந்தார். விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேய், பிசாசு என்றால் முகத்துக்கு நேரே சிரிப்பார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப் ஹவுஸ் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பனியன் நிறத்தையும் சதுர வாட்சையும் சொன்னதும் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, நீ நம்ம குழுவுக்கு வந்து ரெண்டு வருஷம்தானே ஆகுது?"

"ஆமா சார்."

"அப்ப உனக்குத் தெரிய நியாயமில்லை. அதுக்கு முன்னால ஒரு தையல்காரர் நம்ம கூட ஓடிக்கிட்டிருந்தாரு. தங்கமான மனுஷன். நமக்கெல்லாம் பனியன் தைச்சுக் குடுத்ததே அவர்தான். ஒரு நாள் தனியா ஓடப் போய் அந்த பம்ப் ஹவுஸ் வாசல்ல விழுந்துட்டாரு."

"இறந்துட்டாரா?"

"அதுதான் இல்ல. உசுரைக் காப்பாத்திட்டாங்க. ஆனா பேச்சு மூச்சு இல்ல. கண்ணு திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாரு. நாலு வருஷமா கட்டில்ல கிடந்தாரு."

"கிடந்தாரா? இப்ப?"

கோச் என்னைப் பார்க்காமல் சொன்னார். "போன ஞாயித்துக்கிழமை காலைல எழுந்து உட்கார்ந்துட்டாரும்மா. ஒன்பதரை மணிக்கு."

அன்று மாலையே போனோம். கோச், நான், என் நாத்தனார். மாடிப்படிக்குக் கீழே சின்ன வீடு. முன் அறையில் துணி மூடிய தையல் மெஷின். அவர் மனைவிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. "வாங்க வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நல்லாத்தான் பேசறாரு சார். சாப்பிடறாரு. ஒண்ணே ஒண்ணுதான். எந்நேரமும் ஒரு அக்காவைப் பத்தியே கேக்கறாரு. அந்த அக்கா வந்துட்டாங்களா, வந்துட்டாங்களான்னு. எந்த அக்கான்னு எங்களுக்குப் புரியலை."

நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள் அறை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக. ஆனால் அதே முகம். அதே குரல்.

"வாங்க கோச்."

"இதோ பாருப்பா. நீ கேட்ட அக்கா இவங்கதானே?" கோச் என்னை முன்னால் தள்ளினார். "நல்லபடியா வந்துட்டாங்க. இனிமே கவலைப்படாதே."

அவர் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை. ரொம்ப நேரம்.

பிறகு சுவர்ப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"முகம் அதே முகம்தான்" என்றார், மனைவியிடம், மெல்ல. "ஆனா இவங்க இல்ல. பின்னாலேயே வாங்கன்னு நான் அவ்வளவு சொன்னேன். அவங்க வரல. கையில ரத்தத்தோட அங்கயே நிக்கிறாங்க. யாராவது போய்க் கூட்டிட்டு வாங்களேன்..."

என் கையை இறுக்கிப் பிடித்திருந்த நாத்தனார், விரல் விரலாக... கையை எடுத்துக்கொண்டாள்.