பாவுத் தெருவில் ஒன்பதாம் வாய்ப்பாடு

கஞ்சி போட்ட சேலையை இன்று பிரித்ததும் எழுந்த வாசம், ராசிபுரத்தில் நாங்கள் குடியிருந்த, இப்போது இல்லாமலே போய்விட்ட நெசவாளர் தெருவுக்கு என்னைக் கொண்டுபோனது. விடிந்ததும், தறியில் ஏற்றவேண்டிய நீளவாட்டு இழைகளான பாவைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி அப்பா கஞ்சி தடவிக்கொண்டே போக, அறுந்த இழைகளை முடிந்தபடி பின்னால் நடப்பது என் வேலை என்பதால், பாவு விரிக்கும் நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

மாதா கோயிலருகே தனியாக ஓர் அறையில் தங்கியிருந்த புது டீச்சர், சின்னப் பெண், ஒரு காலையில் என்னைத் தேடி வந்துவிட்டார்.

"பாவு காயறதுக்குள்ள இழை முடியோணுங்க டீச்சரம்மா. புள்ளைய எப்படி அனுப்பறது?" என்றாள் அம்மா.

"அப்ப இங்கயே சொல்லித் தர்றேங்க."

முந்தானையைச் செருகிக்கொண்டு, பாவின் மறுபக்கம் நடந்தபடி ஒன்பதாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். அவரும் இழை முடிந்தார். முடிச்சு ஒவ்வொன்றும் நெல்மணிப் பருமன். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவற்றைத் திரும்ப முடிந்தார். வீடுகளுக்குள் தறிச் சத்தம், ஈரப் பாவின்மேல் இளவெயில், நடுவே எங்கள் இரண்டு குரல்கள்.

தெருக்கோடியில் அம்மா டீச்சரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "சாப்பிட்டியா, சாமி?"

அம்மா 'சாமி' என்று கொஞ்சுவது என்னைத்தான் என்பதால் நான் தலையாட்டினேன். டீச்சரோ வாய்ப்பாட்டை நிறுத்தி, இல்லை என்று மெல்லத் தலையசைத்தார், கண் நிறைந்துவிட்டது. அம்மா அவர் கையைப் பிடித்து, விரல் விரலாகக் கஞ்சியைக் கழுவிவிட்டு, உட்காரவைத்துக் களி போட்டாள்.

அடுத்த முறை பாவு விரித்தபோது இழை முடிய அம்மாவே நின்றாள். இரண்டு பேருக்குச் சோறு வைத்த தூக்குப்போசியோடு நான் பள்ளிக்கூடம் போனேன்.