அண்ணி கேட்ட ஒரு நாள் லீவு

போன கார்த்திகையில் கச்சபேஸ்வரர் கோயிலில் தலையில் விளக்கோடு நான் சுற்றி வந்ததைப் பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். "அவார்டெல்லாம் வாங்கினவளாச்சே, உனக்கு இன்னாமா கொற?" என்று ஒரு அம்மா கேட்டார். அன்று விளக்கோடு நகர்ந்துவிட்டேன். இன்று சொல்கிறேன். ஈசன் எனக்கு இரங்கினார், அது சத்தியம். ஆனால் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு இதைக் கேட்காதீர்கள்.

என் பெயர் மங்கை. செவிலிமேட்டில் பட்டுச் சேலைகளை போனில் லைவாகக் காட்டி விற்கும் கம்பெனி நடத்துகிறேன். நானும் என் அண்ணன் மனைவி தனமும் சேர்ந்து ஆரம்பித்தது. எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு போன், இரண்டு விளக்கு, அவ்வளவுதான் முதல். சேலையை விரித்துக் காட்டுவதும் அண்ணி, பேசுவதும் அண்ணி. "இந்த முந்தானைய பாருங்கம்மா, கண்ணுல ஒத்திக்கலாம்" என்று அவர் சொன்னால் போதும், துபாயில் இருக்கிறவர்கள்கூட வாங்கிவிடுவார்கள். மூன்றே வருஷத்தில் இருபத்தெட்டு பேர் வேலை செய்யும் இடமாகிவிட்டது.

ஆள் சேரச் சேர எனக்குத் தலையில் கொம்பு முளைத்தது. "அண்ணி, எல்லார் முன்னாடியும் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, மத்தவங்களுக்கும் மரியாத இருக்காது" என்றேன். மறுநாளிலிருந்து "மேடம்" என்றார். பாவி, எனக்கு அது இனித்தது.

புரட்டாசியில் அண்ணிக்குத் தலைவலி ஆரம்பித்தது. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்த நேரம்.

"மேடம், மண்டைய போட்டு இடிக்குது. காலைல எழுந்துக்கவே முடியல. ஒரு நாள் லீவு குடுத்தா டாக்டராண்ட காட்டிக்கினு வந்துடுவேன்."

"தலவலிக்கெல்லாம் டாக்டரா? கார்த்திக வரட்டும் அண்ணி, கச்சபேஸ்வரருக்கு மண்டை விளக்கு எடுங்க. பறந்துடும்."

நம் ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். தலைநோவு உள்ளவர்கள் கார்த்திகை ஞாயிறுகளில் புது மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றி, அதைத் தலையில் சுமந்து கோயிலைச் சுற்றுவார்கள். அதுதான் மண்டை விளக்கு. என் அம்மாவும் எடுத்திருக்கிறார். அண்ணி நான் சொன்னதை நம்பித் தலையாட்டினார். ஆனால் நான் பக்தியில் சொல்லவில்லை. ஒரு நாள் லைவ் நின்றுவிடுமே என்றுதான் சொன்னேன். லீவு கொடுக்க மனசில்லாமல் ஈசனைக் காட்டித் தப்பித்தேன். அண்ணி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இதே பதில்தான்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. தொழில்முனைவோர் மாநாடு, வேகமாக வளரும் கம்பெனிக்கு விருது. விண்ணப்பத்தில் நிறுவனர் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுத இடம் விட்டிருந்தார்கள். முதல் இடத்தில் என் பெயரை எழுதினேன். இரண்டாவது இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஐப்பசி கடைசி சனிக்கிழமை மாநாடு. பெரிய ஹோட்டல். ஏசி எலும்பைக் குடைந்தது. கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். பார்க்கிறவரெல்லாம் கார்டு நீட்டினார்கள், ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கவில்லை. காலையிலிருந்து விருது கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த வரிசையில் விருது வாங்காதவர் ஒருவர்கூட இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் முறை வந்தபோது மேடையில் ஒரு பெண் மைக்கை நீட்டி, "உங்க வெற்றிக்குப் பின்னாடி யார் இருக்காங்க மேடம்?" என்றாள்.

"யாரும் இல்ல. என் உழைப்பு மட்டுந்தான்."

கை தட்டினார்கள். கேடயத்தோடு வந்து உட்கார்ந்து போனை எடுத்தால் அண்ணனிடமிருந்து இருபதுக்கு மேல் அழைப்பு. வெளியே ஓடிப்போய்ப் பேசினேன்.

"எங்க போய் தொலைஞ்ச? உங்க அண்ணி லைவ்ல பேசிக்கினு இருக்கச்சே வுழுந்துட்டா. வாய் கோணிக்கிச்சு. பேச்சு மூச்சு இல்ல. ஆஸ்பத்திரியில இருக்குறோம். நீ வா."

ஹோட்டல் நடையில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்தேன். "கச்சபேசா, உன் பேரைச் சொல்லி ஏமாத்தினவ நான். என்னை என்ன வேணா செய். அவங்க உயிரை மட்டும் விட்டுடு. அந்த விளக்கை நான் சுமக்கிறேன்" என்று வாய்விட்டு அழுதேன். உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "மேடம், க்ரூப் போட்டோ!" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இவங்களுக்கு பிரஷர் இருக்குன்னு யாருமே பார்க்கலயா? மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. முன்னாடியே வந்திருந்தா மாத்திரையில கட்டுப்படுத்தியிருக்கலாம்." அண்ணன் என் முகத்தையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

உள்ளே ஆபரேஷன். வெளியே நான் அந்த லைவைப் போட்டுப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. அண்ணி அரக்குச் சேலை ஒன்றை விரிக்கிறார். ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொள்கிறார். சேலையோடு சரிந்து விழுகிறார். பிறகு வெறும் சுவர். அதன்மேல் வரிசையாகக் கேள்விகள் ஓடுகின்றன: "அரக்கு என்ன விலை?" "ஸ்டாக் இருக்கா?" "வேற கலர் காட்டுங்க." நான் வளர்த்த கம்பெனி இதுதானா என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

அண்ணி கண் திறக்கவில்லை. நாள்கள் போயின. "நம்பிக்கையா எதுவும் சொல்ல முடியாது" என்றார்கள். கார்த்திகை முதல் ஞாயிறு வந்தது. தலையில் சும்மாடு வைத்து, சட்டியில் விளக்கேற்றிச் சுமந்தேன். சூடு சும்மாட்டைத் தாண்டி உச்சியில் இறங்கியது. அண்ணி இதைவிட எத்தனை மடங்கு வலியோடு என் முன்னால் நின்று கேட்டிருப்பார்! மூன்று சுற்று முடித்து சட்டியை இறக்கும்போது போன் அடித்தது. அண்ணன்தான். அழுதார். "கண்ணு முழிச்சிட்டா மங்கை."

திருநீற்றை மடித்துக்கொண்டு ஓடினேன். "நாங்களே எதிர்பார்க்கலம்மா" என்றார் டாக்டர். என் அப்பன் கேட்டதைக் கொடுத்துவிட்டான் என்று அந்த இடத்திலேயே கை கூப்பினேன். அண்ணி அண்ணனை அடையாளம் தெரிந்துகொண்டார். பிறகு கண் என் பக்கம் திரும்பியது. உதடு துடித்தது. என் பெயரைத்தான் சொல்லப் போகிறார் என்று காதை அருகில் கொண்டுபோனேன்.

"மேடம்... ஒரே ஒரு நாள்... லீவு குடுங்க."

அதற்குப் பிறகு நான் எந்த மேடையும் ஏறவில்லை. கேடயத்தைப் பழைய பெட்டிகளோடு கட்டிப் போட்டுவிட்டேன். கம்பெனியில் பாதி அண்ணி பெயரில் எழுதியாயிற்று. யாராவது உடம்பு முடியவில்லை என்றால் நானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். அண்ணி இப்போது நடக்கிறார், பேசுகிறார். வலது கை மட்டும் இன்னும் சரியாகவில்லை. சேலையை இனி அவரால் விரித்துப் பிடிக்க முடியாது.

அவனை நம்பிக் கேளுங்கள், அன்பர்களே. கேட்டால் இரங்குவான், நானே அதற்குச் சாட்சி. ஆனால் உங்கள் கையால் ஆகிற காரியத்தை அவன் தலையில் கட்டாதீர்கள். நான் உயிரை மட்டும் கேட்டேன். அதை அப்படியே கொடுத்தான்.

போன வாரம் அண்ணிக்குச் சாப்பாடு ஊட்டும்போது கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "பழையபடி மங்கைன்னு கூப்பிடுங்க அண்ணி."

வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"சரிங்க மேடம்" என்றார்.