ஸ்பானிஷ் படிக்கப் போகும் மகள்

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் இப்போதெல்லாம் விடியும்போதே குளியலறையிலிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறது. என் மகள் மதி பல் துலக்கிக்கொண்டே ஸ்பானிஷ் மொழியின் ரகரத்தை உருட்டிப் பழகுகிறாள். பக்கத்து வீட்டுப் பத்மா அக்கா ஒருநாள் லிஃப்டில் கேட்டார், "வீட்ல யாருக்காச்சும் தொண்டை சரியில்லையா?" மகள் பட்டப்படிப்புக்கு ஸ்பானிஷ் எடுத்திருப்பதைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்றிருந்தால் யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். திருச்சியிலிருந்து என் அண்ணன் வாரம் தவறாமல் போனில் கேட்கிறார், "அத வச்சு என்னம்மா செய்வா?" எனக்கும் தெரியாது.

அவள் கைக்குழந்தையாக இருக்கும்போது இங்கே வந்தோம். கணவருக்குப் போர்ட் கிள்ளானில் கிடங்கு மேற்பார்வை வேலை. முதல் வருடம் பாசார் என்கிற காய்கறிச் சந்தையில் நான் விரலைத்தான் நீட்டுவேன். கீரை விற்கும் மலாய்ப் பெண்மணி விலை சொன்னால் விழிப்பேன். என் பர்ஸைத் திறந்து காட்டினால் வேண்டியதை அவரே எடுத்துக்கொள்வார். ஊரில் கடைக்காரரிடம் பேரம் பேசி ஜெயித்தவள் நான். புதிய மொழி என்றால் எனக்கு அந்தக் கூச்சம்தான். அதை ஒருத்தி ஆசைப்பட்டுத் தேடிப் போவது ஊரில் இருக்கும் உங்களுக்கு விளங்குகிறதோ என்னவோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சென்ற சனிக்கிழமை கோலாலம்பூரில் அவள் சேரப்போகும் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். கணவருக்கு ஷிப்ட் என்பதால் நான் துணைக்குப் போனேன். துறையிலிருந்த மலாய் ஆசிரியை நாலு வருடப் படிப்பையும் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். முதல் இரண்டு வருடம் இலக்கணமும் பேச்சும். மூன்றாம் வருடம் முழுக்க ஸ்பெயினில், அங்குள்ள ஒரு குடும்பத்தோடு தங்கி. அந்த மூன்றாம் வருடத்தைப் பற்றி மதி என்னிடம் மூச்சுவிட்டதில்லை. அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியை என் பக்கம் திரும்பி, "புவான் தக் கிசா கெ, அனாக் பெர்கி ஜாவோ?" என்று மலாயில் கேட்டார். பிள்ளை தூரம் போவது என்ற அளவுக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் தலையை ஆட்டி, "தக், தக்" என்றேன். அவர் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் ரயில் ஷா ஆலம் தாண்டியது. மதி மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அவங்க என்ன கேட்டாங்கன்னு தெரியுமா?"

"நீ தூரமாப் போறதப் பத்தி."

"போனா உங்களுக்குக் கவலையில்லையான்னு கேட்டாங்க. நீங்க இல்ல, இல்லன்னுட்டீங்க லா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அவங்களுக்கு மெசேஜ் பண்ணி மாத்திச் சொல்லிடவா?"

நான் சரி என்றால் சொல்லிவிடுவாள், எனக்குத் தெரியும். திருச்சியை விட்டு வருகிறாயா என்று என்னை யாரும் கேட்டதில்லை. அவருக்கு வேலை கிடைத்தது, கிளம்பினேன். எங்கள் வீட்டில் தானாக ஆசைப்பட்டு ஒரு தேசத்துக்குப் போகப்போகிறவள் இவள் ஒருத்திதான்.

"வேணாம். சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்."

அவள் என் தோளில் சாய்ந்தாள். எனக்கு அழவும் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கினேன். ஊருக்குக் கொண்டுபோகச் சேர்த்திருந்த பிஸ்கட்டும் தைலமும் அதில் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தைத் துணியால் துடைத்தேன். அவள் கிளம்ப இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. பெட்டியை மூட மனம் வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.